மூன்று வாரம் தள்ளி நின்றேன்

செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குக் கழுத்தைத் தொட்டுப் பரிசோதிக்கக் கற்றுக்கொடுக்கும்போது என் கழுத்தையே கொடுப்பது என் வழக்கம். பொம்மையின் கழுத்தில் எச்சில் விழுங்கும் அசைவு இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்வேன். அவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்து நின்று, விரல்நுனிகளை என் தொண்டையின் இரு பக்கமும் வைத்து, "மேம், எச்சில் முழுங்குங்க" என்பார்கள்.

அன்று ஹசீனாவின் முறை. அதிகம் பேசாத பெண். விரல்கள் சில்லென்று இருந்தன. ஒரு முறை விழுங்கினேன். இன்னொரு முறை விழுங்கச் சொன்னாள். மறுபடியும் கேட்டபோது மற்ற மாணவிகள் சிரித்தார்கள்.

"மேம், இந்தப் பக்கம் என்னமோ உருளுது," என்றாள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து, "எனக்குச் சரியாத் தெரியல மேம்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நான் கையை வைத்துப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவில் ஒன்று விரலுக்கடியில் ஏறி இறங்கியது. "சரியாத்தான் பார்த்திருக்க," என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவியைக் கூப்பிட்டேன். வகுப்பு முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மீதமிருந்த எல்லோரும் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நான் கற்பிப்பது சமுதாய நலச் செவிலியம். மருத்துவமனைக்கு வராத நோயாளியைத் தேடி வீட்டுக்குப் போகிற வேலை. முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட ஆய்வும் அதுதான். மதுரையை ஒட்டிய பரவைப் பக்கத்துப் பெண்களுக்குப் புற்றுநோய் பற்றி என்ன தெரிந்திருக்கிறது, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களை வீடு எப்படி வைத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. ஸ்கூட்டியில் போவேன். சந்தைக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் ஒலிபெருக்கி இல்லாமலே என் பேச்சு கடைசி வீடுவரை கேட்கும். எனக்கு அப்படி ஒரு குரல்.

அங்கே மாரியம்மா என்று ஒருவர். சந்தையில் கத்தரிக்காயும் வெண்டையும் விற்பவர். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வந்திருந்தார். மருமகள் அவருக்குத் தனித்தட்டு, தனித்தம்ளர் வைத்திருந்தாள். தட்டின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. "சின்னப் பிள்ளைக இருக்குற வீடு டீச்சர், நாங்க என்ன செய்ய?" என்று அவள் கேட்டாள். அவளிடம் கோபப்பட ஒன்றுமில்லை. பயம்தான். பல மாலைகள் உட்கார்ந்து பேசினேன். புற்றுநோய் ஒட்டாது, எச்சிலில் பரவாது, ஒரே தட்டில் சாப்பிடலாம் என்றேன். ஒரு நாள் போனபோது அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுத்திருந்தாள். 

வீட்டில் நான் தனி. கணவர் மாரடைப்பில் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனையூரில் மாடி வீடு. ஒரே மகள் அபிநயா கோயம்புத்தூரில். அப்போது ஆறு மாதக் கர்ப்பம். தங்கை கலா குடும்பத்தோடு வில்லாபுரத்தில். என் உலகம் இவ்வளவுதான்.

கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியில் ஊசி குத்திச் சிறிது திசுவை உறிஞ்சிப் பார்த்தார்கள். முடிவு வாங்கத் தனியாகத்தான் போனேன். பாப்பில்லரி கார்சினோமா (தைராய்டு சுரப்பியில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலும் மெதுவாக வளரும் வகை) என்று தாளில் இருந்தது. கழுத்தின் நிணநீர்க் கணுக்களிலும் (கிருமிகளை வடிகட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள்) ஏறியிருந்தது.

அறுவைச் சிகிச்சை நிபுணர் என்னைவிட இளையவர். "மேடம், நீங்களே நர்சிங் சொல்லிக்குடுக்கிறவங்க. உங்களுக்கு நான் என்ன விளக்கணும்?" என்றார்.

"எல்லாத்தையும் விளக்குங்க. எனக்கு எதுவும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டுச் சொல்லுங்க," என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது மருத்துவத் துறையில் இருந்தால், இந்த ஒன்றை மட்டும் சொல்ல ஆசை. மேசைக்கு அந்தப் பக்கம் நோயாளியாக உட்காரும் நாளில் தெரியாதவராகவே உட்காருங்கள். தெரிந்தவர் என்று நினைத்துவிட்டால் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள்.

சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். கணுக்களையும் எடுத்தார்கள். கண் விழித்ததும் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. சுண்ணாம்புச் சத்து குறைந்ததன் அடையாளம் அது. சுரப்பியை ஒட்டியிருக்கும் சின்னச் சுரப்பிகள் அதிர்ச்சியில் இருந்தால் அப்படி ஆகும், மாத்திரையில் சரியாகும். கலா பக்கத்தில் இருந்தாள். "கலா" என்று கூப்பிட்டேன். காற்று மட்டும் வந்தது.

டாக்டர் மறுநாள் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "வலது பக்கக் குரல் நரம்புல கட்டி ஒட்டியிருந்துச்சு மேடம். பிரிச்சு எடுத்தோம். நரம்பு இருக்கு, ஆனா இப்ப வேலை செய்யல. திரும்பி வரலாம். முழுசா வராமலும் போகலாம்."

எத்தனை நாள் என்று கேட்க நினைத்தேன். அந்தக் கேள்விக்கும் குரல் வேண்டும். கையால் காட்டினேன். "மாசக்கணக்குல பாக்கணும்," என்றார்.

குரல் போனவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரம் தெரிந்துவிடும். நாம் கிசுகிசுத்தால் எதிரில் இருப்பவரும் கிசுகிசுப்பார். வீடு திரும்பிய பிறகு தெருமுனை மளிகைக் கடைக்குப் போய், "அண்ணே, அயோடின் கலக்காத உப்பு இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என்னைப் போலவே ரகசியக் குரலில், "எதுக்கு டீச்சர்? நீங்கதானே அயோடின் உப்பு வாங்கச் சொல்லி எங்க கடையிலயே நோட்டீஸ் ஒட்டுனீங்க?" என்றார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். சத்தம் வரவில்லை, தையல் மட்டும் வலித்தது.

அந்த உப்பு அடுத்த கட்டச் சிகிச்சைக்காக. ரேடியோ அயோடின் (கதிர்வீச்சுள்ள அயோடின். விழுங்கினால் உடம்பில் எங்கெங்கே தைராய்டு செல்கள் மிச்சமிருக்கின்றனவோ அங்கே போய்ச் சேர்ந்து அவற்றை அழிக்கும்) கொடுப்பதற்கு முன்னால் உடம்பை அயோடினுக்கு ஏங்க வைக்க வேண்டும். மீன், முட்டை, பால், கடை உப்பு எதுவும் கூடாது. தைராய்டு மாத்திரையும் சில வாரங்கள் கிடையாது. இது எல்லோருக்கும் ஒன்றுபோல் இராது, மாத்திரையை நிறுத்தாமல் ஊசி போட்டுச் செய்யும் முறையும் உண்டு. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரை இல்லாத அந்த வாரங்களை எப்படிச் சொல்வது? மதுரை வெயில் உச்சியில் இருந்தது. ஊரே மின்விசிறிக்கடியில் கிடந்தபோது நான் விசிறியை நிறுத்திவிட்டுப் போர்த்திப் படுத்திருந்தேன். முகம் ஊதியது. அடுப்பில் எதை வைத்தேன் என்று மறந்துபோனது. நின்றுபோகப் போகிற கடிகாரத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல எல்லாம் மெதுவாக நடந்தது. அழுகை வரவேண்டிய இடங்களில்கூட அழுகை வருவதற்கு நேரமானது.

அபிக்கு வளைகாப்பு முடிந்து கலா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும். தாய் இருந்த நிலையில் சித்தி வீடுதான் தாய் வீடானது. சிகிச்சை நாளை உறுதி செய்ய நாங்கள் மூன்று பேரும் கதிரியக்க மருத்துவரிடம் போனோம்.

அவர் நடுத்தர வயதுக்காரர். நிதானமானவர். அபியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"நோய் தொத்தாது. அது வேற. ஆனா இந்த மருந்தைச் சாப்பிட்டா, அது உடம்பை விட்டுப் போறவரைக்கும் அம்மா உடம்புலருந்து கதிர் வரும். எரியிற அடுப்புக்குப் பக்கத்துல நின்னா அனல் அடிக்குமே, அது மாதிரி. அணைஞ்சதும் ஒண்ணுமில்ல. அதுவரைக்கும் கர்ப்பிணியும் குழந்தையும் பக்கத்துல வரக்கூடாது. உங்களுக்குக் குடுக்கப்போற அளவுக்கு மூணு வாரம்னு வச்சுக்கலாம்."

"பிரசவம் முடிஞ்சப்பறம் குடுக்கலாமா டாக்டர்?" என்று கலா கேட்டாள்.

"தள்ளலாம். ஆனா கணுவுல ஏறியிருக்கு, ரொம்பத் தள்ள எனக்கு இஷ்டமில்ல. அப்பக் குடுத்தா, பிறந்த பிள்ளையத் தூக்க முடியாது. அதையும் யோசிங்க."

அபிதான் முடிவெடுத்தாள். "இப்பவே முடிச்சிரும்மா. எனக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. வலி வாரப்ப நீ என் பக்கத்துல நிக்கணும். அம்புட்டுதான்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தனியறை மருத்துவமனையின் கடைசியில் இருந்தது. கனத்த கதவு, மேலே ஒரு கேமரா, சுவரில் ஒரு பேச்சுப்பெட்டி. கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கதிர் கசியாத ஈயக் குப்பி ஒன்றை வண்டியில் தள்ளிவந்து நிறுத்திவிட்டு டாக்டர் கதவுவரை விலகிப் போனார். அங்கே நின்றுகொண்டு, "தண்ணியோட முழுங்கிருங்க மேடம்," என்றார். சாதாரண மாத்திரை போலத்தான் இருந்தது. சுவையில்லை, வாசனையில்லை. விழுங்கினேன். கதவு மூடியது.

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் மருந்து தங்காமலிருக்க அவர்கள் சொன்ன நேரத்திலிருந்து எலுமிச்சை மிட்டாயைச் சப்ப வேண்டும். கழிப்பறையில் ஒவ்வொரு முறையும் பல தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். தினமும் டாக்டர் கதவருகில் நின்று கதிரை அளக்கும் கருவி ஒன்றை என்னை நோக்கிப் பிடிப்பார். "இன்னும் கொஞ்சம் இறங்கணும்," என்பார்.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சுப்பெட்டியில் செவிலியரின் குரல் வரும். "மேடம், வச்சிட்டேன். நான் போனப்பறம் எடுத்துக்கோங்க." காலடிச் சத்தம் வேகமாக விலகும். அவர் செய்வது சரி. அந்த விதியை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். குறைந்த நேரம், அதிக தூரம். நடத்தும்போது விலகிப் போகும் காலடி எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

காகிதத்தட்டில் உப்புச் சரியில்லாத சோறு. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நோய்க்காக யாரையும் தள்ளி வைக்க வேண்டியதில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்ன எனக்குத் தனித்தட்டு. காரணம் வேறு என்று மூளைக்குத் தெரியும். பசிக்கும் வயிற்றுக்கும் தட்டை எடுக்கும் கைக்கும் அந்த வித்தியாசம் புரியவில்லை.

இரண்டாம் நாள் கைபேசி அடித்தது. மாரியம்மா. பல வாரமாக நான் அந்தப் பக்கம் போகாததால் கூப்பிட்டிருக்கிறார்.

"டீச்சரா பேசுறது?"

"ஆமா மாரியம்மா, நான்தான்," என்றேன். முடிந்த மட்டும் காற்றைத் தள்ளினேன்.

"யாரு? ஒண்ணும் காதுல விழுகலையே. டீச்சர் இல்லையா?"

"மாரியம்மா..."

"ராங் நம்பரு போல," என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன செய்ய? குறுஞ்செய்தி அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்த அறையில் நான் அழுதது அப்போதுதான். கண்ணைத் துடைத்த துணியைக்கூடத் தனிப்பையில் போட வேண்டியிருந்தது.

கருவியின் எண் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையும் திரும்ப ஆரம்பித்தது. ஆனையூர் வீட்டில் நான் மட்டும். கலாவின் கணவர் காலையில் தூக்குவாளியைக் கேட்டில் மாட்டிவிட்டு, தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று, "அண்ணி, வச்சிட்டேன், போறேன்," என்று சத்தமாகச் சொல்வார். நான் மாடியிலிருந்து கையை ஆட்டுவேன். அபி வீடியோவில் வருவாள். அவள் பேசுவாள், நான் எழுதிக் காட்டுவேன். வயிற்றைக் கேமராவின் முன் கொண்டுவந்து, "உதைக்குது பாரு," என்பாள். திரையைத் தொடுவேன்.

இரண்டாவது வாரம், விடிந்து பால்காரர் போன நேரம். கலா கூப்பிட்டாள். "அக்கா, நாளு இருக்கையிலயே பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டோம். நீ பதறாத."

கதிரியக்க மருத்துவரை அழைத்தேன். என் குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார், அந்தக் குரலை மட்டுமே அறிந்தவர் அவர். "போங்க மேடம். போக வேணாம்னு சொல்லமாட்டேன். பிரசவ அறைக்குள்ள போகக்கூடாது. குழந்தையத் தொடக்கூடாது. தாழ்வாரத்துக் கடைசியில நில்லுங்க. யாரும் பக்கத்துல வந்தா நீங்க விலகிருங்க. ரொம்ப நேரம் இருக்காதீங்க."

பேருந்தில் பக்கத்தில் யாராவது உட்காருவார்கள் என்பதால் ஸ்கூட்டியை எடுத்தேன். வைகைப் பாலத்தில் நெரிசல். முன்னால் ஒரு வண்டியில் அம்மாவின் மடியில் ஒரு குழந்தை இருந்தது. நான் வண்டியைப் பின்னுக்கு உருட்டி இடைவெளி விட்டேன். பின்னாலிருந்து ஆட்டோக்காரர் திட்டினார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். கலா கதவருகே நின்றாள். நான் மறுகோடியில், ஜன்னல் பக்கம். உள்ளே அபி கத்துவது கேட்டது. ஒரு முறை "அம்மா" என்று கத்தினாள். வலியில் எல்லோரும் கூப்பிடுகிற அம்மாதான். ஆனாலும் என் கால்கள் நாலைந்து அடி முன்னால் போய்விட்டன. நின்றேன். திரும்பி வந்தேன்.

குழந்தை அழும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் செவிலியர் துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்தார். "அபிநயா ஆளுக யாரு? பொம்பளப் பிள்ளை. பாட்டி வந்திருக்காங்களா?"

கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். செவிலியர் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு என்னை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"வேணாம் சிஸ்டர், அங்கயே நில்லுங்க," என்றேன். எனக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் இன்னும் வேகமாக வந்தார். குழந்தையின் நெற்றி தெரிந்தது. ஈரம் காயாத முடி தெரிந்தது. நான் பின்னால் நடந்தேன். அவர் நீட்டிய கைகளோடு வந்தார். முதுகு சுவரில் இடித்ததும் பக்கவாட்டில் திரும்பி, முகத்தை மறைத்துக்கொண்டு மாடிப்படிக்குள் ஓடினேன்.

பின்னாலிருந்து பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "பொட்டப்பிள்ளைன்னதும் ஓடுறா பாருங்க. இந்தக் காலத்துலயுமா இப்படி?"

படியில் உட்கார்ந்தேன். அது அப்படியில்லை என்று சொல்லக் குரல் இருந்திருந்தால் அந்தத் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பேன். கலா குழந்தையை வாங்கிக்கொண்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். பெஞ்சுக்காரர்கள் அதை நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஆனையூர் வந்துவிட்டேன்.

மாலையில் அபி கூப்பிட்டாள். சோர்ந்திருந்தாள். "நீ வெளிய நிக்கிறேன்னு சித்தி சொன்னா. கதவு தொறக்குறப்பெல்லாம் எட்டி எட்டிப் பாத்தேன்மா," என்றாள். நான் எழுதிய பதில்களை அழித்து அழித்து, கடைசியில் 'சாப்பிட்டியா?' என்று மட்டும் அனுப்பினேன்.

மூன்று வாரம் முடிந்த அன்று டாக்டர் கருவியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனி தாராளமாப் பிள்ளையத் தூக்கலாம்," என்றார். நேராக வில்லாபுரம் போனேன். அபி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. "கை கழுவிட்டு வாரேன்," என்றேன். கழுவிவிட்டு வந்து மறுபடியும் நின்றேன். அபி எழுந்து வந்து குழந்தையை என் கையில் வைத்தாள். என் கைகள் விறைத்திருந்தன. எத்தனையோ குழந்தைகளைக் குளிப்பாட்டிய கைகள். உடம்பை விட்டு எட்டப் பிடித்துக்கொண்டிருந்தேன். "நெஞ்சோட சேத்துப் பிடிம்மா," என்றாள் அபி. அப்படிப் பிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பரவைக்கு மறுபடியும் போனபோது குரல் கரகரப்பாகத் திரும்பியிருந்தது. குரல் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு பக்கக் குரல்நாண் அசையாவிட்டால் மறுபக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யப் பழக்குவது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை உடையும். தெருக்கோடிக்குக் கேட்காது.

மாரியம்மா வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டின் விளிம்பில் சிவப்புப் புள்ளி.

எனக்குப் பதிலாக வந்த சக ஆசிரியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், எனக்கும் புற்றுநோய், தனியறையில் வைத்திருந்தார்கள், பிறந்த பேத்தியைக்கூடத் தொடவில்லை என்று. அது போதுமானதாக இருந்தது. மருமகள் என்னைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்.

"ஒட்டாது, ஒட்டாதுன்னு சொன்னீக. பெறகு ஒங்களயே ஏன் டீச்சர் தனியா வச்சாக? பேத்தியக்கூடத் தொடலையாமே?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடினார்கள். முன்பு நான் பேசும்போது அவரவர் வாசலில் நின்றே கேட்பார்கள். இப்போது பக்கத்தில் வந்தால்தான் கேட்கும். ஒருத்தி மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"தனியா வச்சது நோய்க்காக இல்ல. எனக்குக் குடுத்த மருந்துக்காக," என்றேன். டாக்டர் சொன்ன அடுப்பை அவளுக்கும் சொன்னேன். "அந்த மருந்து மூணு வாரத்துல அணைஞ்சிருச்சு. இப்ப என் பேத்தி என் மடியிலதான் தூங்குறா. உங்க அத்தைக்கு அந்த மருந்தே குடுக்கல. அவங்களுக்கு வச்ச கதிர்வீச்சு அங்கயே முடிஞ்சு போச்சு. அவங்க உடம்புல அனல் இல்ல."

மருமகள் நான் சொன்னதை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஒங்க தொண்டை?" என்றாள்.

"அது நரம்பு. அதுவும் ஒட்டாது."

அவள் சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். வீட்டுச் சொம்பில்.

அடுத்த முறை போனபோது தட்டில் புள்ளி இல்லை. ஆனால் மாரியம்மா அப்போதும் வாசலில் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் சத்தம் கேட்டது. "உள்ள போயி உக்காரலாம்ல?" என்று கேட்டேன்.

"கூப்பிடத்தான் செய்றாக. எனக்குத்தான் போகத் தோணல டீச்சர். பழகிருச்சு," என்றார்.

என் ஆய்வில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. விழிப்புணர்வு என்கிறோம், மனப்பான்மை மாற்றம் என்கிறோம். தட்டு மாறியதை எழுதலாம். ஒரு மனுஷியின் உடம்பு தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டு, பிறகு மறக்க மறுப்பதை எழுதுவதற்குச் சொல் இல்லை. எனக்கு அது புரிந்தது. அதற்குள் எத்தனையோ வாரம் ஆகியிருந்தும், வகுப்பில் கர்ப்பமாக இருக்கும் சக ஆசிரியர் பக்கத்தில் வந்தால் என் கால் பின்னால் போகும். கூட்டமான பேருந்தில் குழந்தையோடு யாராவது ஏறினால் நான் இறங்குவதற்குத் தயாராவேன். அன்று மாரியம்மாவுக்குப் பக்கத்தில் நானும் ஒரு தட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

குழந்தைக்கு யாழினி என்று பெயர் வைத்தார்கள். என்னோடு ஆனையூரில் வந்து இருந்த அபி ஐந்தாம் மாதம் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போனாள். வீடு மறுபடியும் பழைய வீடானது. நான் பழைய ஆளாகவில்லை.

கண்ணாடியில் கழுத்தின் தழும்பு ஒரு மடிப்பு போலத் தெரிகிறது. குனியும்போது இழுக்கிறது. ஒரு சுரப்பி உடம்புக்குள் இத்தனை வருடம் சும்மா செய்துகொண்டிருந்த வேலையை இப்போது நான் வெளியிலிருந்து தினமும் செய்கிறேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. அதன்பின் காபிக்காகக் காத்திருக்கும் நேரம். சாகும்வரை இந்த வேலையிலிருந்து விடுப்பு கிடையாது. வருடம் என்பது எனக்கு மாதங்களாக இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து (தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பது, அது ஏறினால் நோய் திரும்பியிருக்கலாம்) அடுத்த பரிசோதனைவரை ஒரு துண்டு. கடைசியாகப் பார்த்ததில் ஏறவில்லை. அடுத்த துண்டு கிடைத்திருக்கிறது. இதை எதிர்கொள்ளப் போகிற உங்களிடம் துணிச்சலாக இருங்கள் என்று சொல்லமாட்டேன். அந்தத் தனியறைக்குப் போகும் முன் உங்கள் குரலை அடையாளம் காணக்கூடிய ஒருவரிடம், தினமும் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

என் குரல் இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொலைபேசியில் உறவினர்கள், "இன்னும் சரியாகலையா?" என்று கேட்கிறார்கள். கலா, "பேசாத அக்கா, தொண்டைய அலட்டாத," என்கிறாள். அபிகூடச் சில சமயம் நான் பேசும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். எல்லோரும் பழைய குரலை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் குரலைக் கேட்கிறார்கள்.

காலையில் காபிக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் அபி வீடியோவில் வருகிறாள். நேற்றும் வந்தாள். யாழினி பாயில் குப்புற விழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள். அபி கூப்பிட்டாள், கைதட்டினாள். அவள் கவனிக்கவில்லை.

"நீ கூப்பிடும்மா," என்றாள் அபி.

"யாழினி," என்றேன். காற்றும் கரகரப்புமாக, பாதியில் உடைந்துதான் வந்தது.

டப்பாவை விட்டுவிட்டு அவள் சட்டென்று தலையைத் தூக்கி, அந்தக் குரலுக்குரிய ஆளைத் தேடினாள்.